கருவறைக்கு அல்லாஹ் சூட்டிய பெயர்

ஒரு பொருளுக்கு மனிதர்கள் சூட்டும் பெயரைக் கவனித்தால், அந்தப் பொருளை அவர்கள் எவ்வாறு மதித்தார்கள் என்பது விளங்கிவிடும். நாம் ஒவ்வொருவரும் ஏறக்குறைய பத்து மாதங்கள் தங்கியிருந்த முதல் இல்லம் தாயின் கருவறை. அதற்கு உலக மொழிகள் என்னென்ன பெயர்களைச் சூட்டின, நம் மார்க்கம் எந்தப் பெயரால் அதை அழைக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சிந்தனையைத் தூண்டியவர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நம்மிடம் மாலை வகுப்பில் ஓதும் ஒரு மாணவர். பதினொன்றாம் வகுப்புப் படிப்பவர். கணக்குப் பாடத்தில் வரும் ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடியிருக்கிறார். எண்களை வரிசையாக அடுக்கும் முறை என்ற பொருளுக்குக் கீழே, பழைய வழக்கில் கருப்பை என்றும் போட்டிருந்ததாம். “கணக்குக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் ஹஜ்ரத்?” என்று அவர் கேட்டபோது, அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னர் கூறுவோம். முதலில் கேள்விக்கு விடை காண்போம்.

ஆங்கிலத்தில் கருப்பையைக் குறிக்கப் பழங்காலத்தில் மூன்று சொற்கள் வழங்கின. முதலாவது, இன்றும் வழக்கிலுள்ள ‘வூம்ப்’. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வயிறு என்பதே பொதுப்பொருள். ஆணின் வயிற்றையும் விலங்கின் வயிற்றையும்கூட அச்சொல்லால் குறித்தார்கள். தமிழிலும் ‘என் வயிற்றில் பிறந்தவன்’ என்று ஒரு தாய் சொல்வதில்லையா? குர்ஆனும் சில இடங்களில் வயிறு எனப் பொருள்படும் ‘பத்ன்’ என்ற சொல்லையே கருப்பைக்குப் பயன்படுத்துகிறது. இம்ரானின் மனைவி தம் கருவில் இருந்த குழந்தையை இறைப்பணிக்கு நேர்ந்துகொண்டதைக் கூறும் இடத்தில் வருவது இச்சொல்தான்.

இரண்டாவது சொல் நமக்கு வியப்பளிக்கக் கூடியது. தாய் என்று பொருள்படும் ‘மதர்’ என்ற சொல்லையே அக்கால ஆங்கிலேயர்கள் கருப்பைக்கும் வழங்கினார்கள். கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றினாலும் அது பெரும்பாலும் ஒரு நோயின் பெயராகவே வழங்கியது. பெண்களுக்கு மூச்சுத்திணறலோ வலிப்போ மயக்கமோ வந்தால், கருப்பை தன் இடத்தைவிட்டு மேலெழுந்து நெஞ்சை அடைக்கிறது என்று நம்பி, அந்நோயை ‘மதர்’ என்றே அழைத்தார்கள். இந்த எண்ணத்தின் வேர் கிரேக்க மருத்துவத்தில் இருக்கிறது. கருப்பைக்குரிய ‘ஹிஸ்டெரா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல். 1603ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜோர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். இத்தகைய பெண்களைப் பிடித்திருப்பது சூனியமன்று, உடல் நோயே என்று வாதிட்டது அதன் சிறப்பு. ஆனால் அந்த நோய்க்குரிய பழியை அவரும் கருப்பையின் மீதே சுமத்தினார்.

மூன்றாவது சொல்தான் நம் மாணவர் கண்ட ‘மேட்ரிக்ஸ்’. இது லத்தீனிலிருந்து வந்தது. தாயைக் குறிக்கும் ‘மாட்டர்’ என்ற சொல்லடியில் தோன்றி, முதலில் குட்டி ஈனுவதற்காக வளர்க்கப்படும் பெண் விலங்கைக் குறித்தது. பின்னரே கருப்பை என்ற பொருள் வந்தது. உருவம் கொடுக்கும் எதற்கும் பெயராக அது மேலும் விரிந்து, ஈய எழுத்தை வார்க்கும் அச்சுக்கும் ‘மேட்ரிக்ஸ்’ என்றார்கள். 1850ஆம் ஆண்டில் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், பல அணிக்கோவைகள் பிறப்பதற்கு இடமாக இருக்கும் எண் வரிசைக்கு இப்பெயரைச் சூட்டினார். தமிழ்ப் பாடநூல்கள் அதை ‘அணி’ என்கின்றன. கணக்குக்கும் கர்ப்பப்பைக்கும் உள்ள சம்பந்தம் இதுவே. லத்தீனில் பெயர்ப் பதிவேட்டுக்கும் இச்சொல் வழங்கியது. அதன் குறுமை வடிவமான ‘மாட்ரிகுலா’விலிருந்து பிறந்ததே ‘மெட்ரிகுலேஷன்’. சேலத்தில் தெருவுக்குத் தெரு மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம். அவை ஒவ்வொன்றிலும் கருவறையின் பழம்பெயர் ஒன்று மறைந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இனி நம் நோக்கத்திற்கு வருவோம். 1611ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அரசர் ஜேம்ஸின் ஆணைப்படி வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில், யாத்திராகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் தலைப்பேற்றைப் பற்றிய கட்டளை வருகிறது. அங்கே ஓரிடத்தில் ‘வூம்ப்’ என்றும், சில வசனங்கள் கழித்து ‘மேட்ரிக்ஸ்’ என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் ஹீப்ரு மூலத்தில் இரண்டு இடங்களிலும் இருப்பது ஒரே சொல். அச்சொல் ‘ரெஹெம்’. நம் காதுக்குப் பழகிய ஓசையன்றோ இது? அரபியின் ‘ரஹிம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பே ஹீப்ருவின் ‘ரெஹெம்’. அந்த மொழியிலும் இதே வேரிலிருந்து ‘ரஹமீம்’, அதாவது இரக்கம், என்ற சொல் பிறந்திருக்கிறது. கருவறையும் இரக்கமும் ஒரே வேரின் இரு கிளைகளாக அம்மொழிகளில் நிற்கின்றன. ஆங்கிலத்திற்குப் போனபோது கருவறை வேறு சொல்லாயிற்று, இரக்கம் வேறு சொல்லாயிற்று. பொருள் போய்ச் சேர்ந்தது. உறவு வழியிலேயே அறுந்துபோனது.

ஆங்கிலத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழில் நாம் ரஹிமைக் கர்ப்பப்பை என்கிறோம். ரஹ்மானை அருளாளன் என்றும் ரஹீமை அன்புடையோன் என்றும் மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பில் பிழையேதுமில்லை. ஆனால் ‘பை’ என்ற சொல்லுக்கும் ‘அருள்’ என்ற சொல்லுக்கும் இடையே எந்த உறவும் காதில் விழுவதில்லை. அரபியில் ஓதுபவருக்கோ ர, ஹ, ம ஆகிய மூன்று எழுத்துகளும் மூன்று சொற்களிலும் ஒலிக்கின்றன. ‘ஹி’யை நீட்டி ஓதினால் ரஹீம், அல்லாஹ்வின் திருநாமம். குறுக்கி ஓதினால் ரஹிம், தாயின் கருவறை. தஜ்வீத் பாடத்தில் நீட்டலையும் குறுக்கலையும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பத் திருத்துகிறோம். அந்த ஒரு நீட்டலுக்கு அப்பாலும் இப்பாலும் இருப்பவை எவை என்பதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. தான் ரஹ்மான் என்றும், ரஹிமைத் தானே படைத்து அதற்குத் தன் பெயரிலிருந்தே ஒரு பெயரைப் பிரித்துக் கொடுத்ததாகவும், அதைச் சேர்த்து வாழ்பவரைத் தானும் சேர்த்துக்கொள்வதாகவும், அறுப்பவரைத் தானும் அறுத்துவிடுவதாகவும் அல்லாஹ் கூறுவதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் குத்ஸி, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. கருவறையின் பெயரிலிருந்து அல்லாஹ்வின் பெயர் வந்ததாக அது கூறவில்லை. அல்லாஹ்வின் பெயரிலிருந்தே கருவறைக்குப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் அதற்கு ஈனும் விலங்கின் பெயரையும் நோயின் பெயரையும் வழங்கினார்கள். நம் இறைவன் தன் பெயரையே பகிர்ந்தளித்தான். பெண்ணின் உடலுக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் வேறென்ன இருக்க முடியும்?

இக்கண்ணியத்தை வாயளவில் பேசுவது எளிது. வீட்டில் அதைக் கடைப்பிடிக்கிறோமா என்பதே கேள்வி. மூன்று இடங்களில் நாம் தடுமாறுவதாகத் தோன்றுகிறது.

முதல் இடம், பெண் குழந்தை பிறக்கும் வீடு. நம் சேலம் மாவட்டத்திற்கு இவ்விஷயத்தில் வேதனையான ஒரு வரலாறு உண்டு. பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு முதலில் தேர்ந்தெடுத்தது இந்த மாவட்டத்தைத்தான். வேண்டாத குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு பெற்றோரிடம் கெஞ்ச வேண்டிய நிலை. கருவிலேயே பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற அறிவிப்பை ஸ்கேன் மையங்களில் இன்றும் காண்கிறோம். ஆயினும் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பின்னர் நிலை ஓரளவு சீரடைந்தது. ஆனால் அக்கணக்கில் விடுபட்ட குழந்தைகள் திரும்பி வரவில்லை.

உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்திற்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என அத்தக்வீர் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். நம் வீடுகளில் இத்தகைய கொலை நடப்பதில்லை என்று நிம்மதியடைகிறோம். ஆனால் மகள் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தந்தையையும் அதே குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. முகம் கறுப்பது நம்மிடையே நின்றுவிட்டதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. காதில் பாங்கு சொல்வதற்காக நம்மை அழைத்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் குறைவாகவே கிடந்தன. இனிப்பு ஏதும் வாங்கியிருக்கவில்லை. குழந்தையின் பாட்டியார் நம்மிடம், “மறுபடியும் பொட்டப்புள்ளைதான் ஹஜ்ரத். அடுத்ததாவது பையனாப் பொறக்க துஆ செய்யுங்க” என்றார். திரைக்கு அப்பால் படுத்திருந்த தாய்க்கு அது கேட்காமல் இருந்திருக்காது. நாம் பாங்கு சொல்லி முடித்துக் குழந்தையை அதன் தந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அஷ்ஷூறா அத்தியாயத்தில் அல்லாஹ் தான் நாடியோருக்குக் கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கூறும்போது பெண் மக்களையே முதலில் குறிப்பிடுகிறான், ஆண் மக்களைப் பின்னரே கூறுகிறான் என்பதை எடுத்துச் சொன்னோம். இரண்டு பெண் மக்களைப் பருவம் அடையும்வரை நல்ல முறையில் வளர்த்தவர் மறுமையில் தம்முடன் எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை, நபி (ஸல்) அவர்கள் விரல்களைச் சேர்த்துக் காட்டிய ஹதீஸையும் நினைவூட்டினோம். தந்தை எதுவும் பேசவில்லை. ஏழாம் நாள் அகீகாவும் நடைபெறவில்லை. பதினான்காம் நாள் அவரே வந்து, ஆடு வாங்கிவிட்டதாகச் சொல்லி நம்மை அழைத்தார். அன்று அந்த வீட்டு வாசலில் நமது செருப்பை விடுவதற்கு இடம் தேட வேண்டியிருந்தது.

பெண்ணாகப் பிறந்ததற்குத் தாயைக் குறை கூறுவது அறிவியலுக்கும் பொருந்தாது. 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர், ஒரு வகை வண்டின் உயிரணுக்களை ஆராய்ந்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு சுமந்துவரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று காட்டினார். மனிதருக்கும் இதுவே விதி. தாயின் முட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் மகள், ஒய் வந்தால் மகன். கருவறைகளில் தான் நாடியவாறு வடிவமைப்பவன் அல்லாஹ் என்பதே நம் ஈமான். இதை நம்புகின்ற வாய், மருமகளின் வயிற்றைப் பழிப்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாம் இடம், கருப்பையின் நோய். முன்பு குறிப்பிட்ட அந்தச் சிரிப்பு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. கர்ப்பப்பை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பது வயதின் இயல்பு. ஆனால் அச்சொல் வீட்டில் கூச்சமின்றி ஒருபோதும் ஒலித்ததில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் தாய்மார்கள் மிகுந்த இரத்தப்போக்கையும் அடி இறக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியது அது. அதைத் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. எனினும் வெட்கத்தின் காரணமாக மருத்துவமனைக்குச் செல்வது தள்ளிப்போகிறது.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற நபித்தோழியர், தமக்கு இரத்தப்போக்கு நிற்காமல் இருப்பதை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் கேட்கலாகாததைக் கேட்டுவிட்டதாக யாரும் கருதவில்லை. அது மாதவிடாய் அன்று, நரம்பிலிருந்து வருவது என்று விளக்கி, தொழுகையை எப்படி நிறைவேற்றுவது என்றும் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது. அந்தப் பெண்ணிடம் பேய் பிடித்ததாகச் சொல்லவில்லை. அசுத்தம் என்று ஒதுக்கவுமில்லை. நோய் வேறு, இயல்பு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இல்லாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததும் நாம் அறிந்ததே. அத்தகைய முன்மாதிரி இருக்க, நம் வீட்டுப் பெண்கள் வலியை மறைத்தே வாழ வேண்டுமா? கணவர் அல்லது மகன் தாமே முன்வந்து, மருத்துவரிடம் போகலாம் என்று கூறுவதும் ரஹிமைப் பேணுவதே.

மூன்றாம் இடம், உறவு. ‘சிலத்துர் ரஹிம்’ என்பதை உறவைச் சேர்ந்து வாழ்தல் என்று மொழிபெயர்க்கிறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், கருவறையைச் சேர்த்து வைத்தல். ஒரே கருவறையில் அடுத்தடுத்துத் தங்கிய அண்ணனும் தங்கையும், ஒரு சென்ட் நிலத்துக்காகவோ ஒரு திருமணத்தில் அழைப்பு வரவில்லை என்பதற்காகவோ பேசாமல் வாழ்வதை ஒவ்வொரு ஊரிலும் காண்கிறோம். பெரும்பாலும் தகராறு சகோதரியின் பங்கில் தொடங்குகிறது. ‘கல்யாணத்துக்குச் செய்த சீரிலேயே அவள் பங்கு முடிந்துவிட்டது’ என்று சொல்வோர் உண்டு. அல்லாஹ் நிர்ணயித்த பங்கை அண்ணன்மார் முடித்து வைக்க இயலாது. நாட்டின் சட்டமும் இதற்கு இடமளிக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் தொடக்கத்தில் விவசாய நிலத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தது. 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் அதைத் திருத்தி, விவசாய நிலத்துக்கும் ஷரீஅத் பங்கீடே பொருந்தும் என்றாக்கியது. ஆகவே வீட்டுமனையானாலும் வயற்காடானாலும் மகளுக்கு அவளுடைய பங்கு உண்டு. அந்நிஸா அத்தியாயம் பங்கீட்டைக் கூறத் தொடங்குவதற்கு முன்னரே, தன் முதல் வசனத்தில், அல்லாஹ்வை அஞ்சுமாறும் ரஹிம் உறவுகளைப் பேணுமாறும் ஏவுகிறது. முதலில் கருவறை, அதன் பின்னரே சொத்து. இந்த வரிசையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஜும்ஆ மேடைகளில் நம்மை ‘சகோதரர்களே’ என்று அழைக்கிறார்கள். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து நிலைத்துவிட்ட சொல் அது. ‘சக’ என்ற பொருளும், வயிறு எனப் பொருள்படும் ‘உதரம்’ என்ற சொல்லும் சேர்ந்து, ஒரே வயிற்றில் பிறந்தவர் என்ற பொருளைத் தருகிறது. தமிழர்கள் ‘தொப்புள்கொடி உறவு’ என்று சொல்வதிலும் இதே உண்மை இருக்கிறது. ரஹிமின் பொருள் நம் நாவைவிட்டு முற்றிலும் போய்விடவில்லை. அன்றாடம் பேசும் சொற்களிலேயே ஒளிந்திருக்கிறது. நாம்தான் அதைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை.

உண்ணும்போதும் கதவைத் திறக்கும்போதும் வண்டியை எடுக்கும்போதும் நாம் பிஸ்மி சொல்கிறோம். ஐவேளைத் தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹாவில் ரஹ்மானையும் ரஹீமையும் அழைக்கிறோம். அந்தத் திருநாமங்களோடு வேரால் பிணைக்கப்பட்டிருப்பது நம்மைச் சுமந்த கருவறையின் பெயர். அந்தப் பெயரை ஓதிய நாவால் மனைவியின் பேற்றைப் பழிக்காதிருப்போம். தாயின் வலியைக் கேட்டறிவோம். சகோதரியின் பங்கை அவள் கேட்பதற்கு முன்னரே கொடுப்போம். நீண்ட நாள் பேசாத உறவு ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் இருக்கக்கூடும். இன்று மஃரிபுக்குப் பின் அவருக்கு ஓர் அழைப்பு விடுப்போம். பதில் வந்தாலும் வராவிட்டாலும், சேர்த்து வைக்க முனைந்தவராக நம் பெயர் பதியட்டும்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்கள் மீது ரஹ்மத்தைப் பொழிவானாக! நம் பெண் மக்களை நம் இல்லங்களின் பரக்கத்தாக ஆக்குவானாக! ரஹிமைப் பேணி வாழும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.